இருந்த இடத்திலேயே உயரும் செடிகள்

1

போன வாரம் எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியோரம் பூத்து நின்ற செடியைப் படம் எடுத்து சேவியருக்கு அனுப்பினேன். சேவியர் என் பள்ளிக்கூடத் தோழன். தூத்துக்குடியில் மீன்வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய குரல் போனில் வந்து விழுந்தது.

“ஏலே, இது நம்மூரு நாயுருவியில்லா! புதுக்கோட்டை போற ரோட்டுல ரெண்டு பக்கமும் கெடக்கு. இதைப் போயி காசு குடுத்து வாங்கி நட்டுட்டு, போட்டோ வேற எடுத்து அனுப்புத!”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் சொன்னதில் தப்பில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நாயுருவிக் கதிர் போலத்தான் இருக்கும். குச்சி குச்சியாய் மேலே நீண்ட பூக்கதிர்கள். நிறம் மட்டும் வெளிர் ஊதா. உயரம் என் தலைக்கு மேல் ஒரு சாண். பெயர் வெரோனிகாஸ்ட்ரம். அதை எழுத்துக்கூட்டிச் சொல்ல எனக்கே ஒரு வாரம் பிடித்தது.

இந்தச் செடிக்கு இது மூன்றாவது கோடை. அதை ஏன் வாங்கினோம் என்பதைக் குரல் செய்தியில் அவனுக்குச் சொல்லப் பார்த்தேன். இரண்டு வரியில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். இருபது வருடத்துக்கு மேலாக இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் இருக்கிறேன். மனைவி லூர்து பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். ஒரே மகள் அனிதா படித்து முடித்து, ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்தில் வேலை பார்க்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம் உண்டு. தோட்டம் என்றால் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டது போல ஒரு புல்தரை. அதன் கடைசியில், மரவேலியை ஒட்டி, நாலடி அகலத்தில் ஒரு மண்பாத்தி. அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டி வந்துபோகிற சந்து. அதை மறைக்க நெட்டையாக ஏதாவது வேண்டும் என்பது லூர்துவின் நெடுநாள் ஆசை.

ஊரைப் பற்றி ஏக்கத்தோடு எழுத வேண்டும் என்று இந்த மாதிரிக் குறிப்புகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. செடி விஷயத்தில் எனக்கு அது வரவில்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் எதுவும் முளைக்காது. கடற்கரைக்கு அங்கிருந்து நாலு தப்படி. கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. லூர்துவின் வீட்டில் அவள் அப்பா, மாலத்தீவுக்குத் தோணி ஓட்டியவர், ஒருமுறை பெங்களூர் ரோஜா ஒன்று வாங்கி வந்து தொட்டியில் வைத்தாராம். குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு அதற்கு என்று லூர்து யாருக்கும் தெரியாமல் ஊற்றியிருக்கிறாள். ஆனி மாதக் காற்று வந்தது. உப்பும் மணலுமாக ஒரு வாரம் அடித்தது. இலை எல்லாம் அப்பளம் போலப் பொரிந்து போய்விட்டது என்று சொல்வாள். ஆகவே, மண்வெட்டியைப் போட்டால் கறுப்பாக ஈரமண் வருகிற இந்த நாலடிப் பாத்தி அவளுக்குப் பெரிய சொத்து.

ஆனால் அந்தப் பாத்தியில் ஏற்கனவே ஒரு குடித்தனம் இருந்தது. வீட்டை எங்களுக்கு முன் வைத்திருந்தவர்கள் மேக்லியா என்ற செடியை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆளுயரம், அழகான சாம்பல் பச்சை இலை. குறை சொல்ல முடியாத தோற்றம். ஆனால் மண்ணுக்கு அடியில் வேரை நாலா பக்கமும் ஓடவிடுகிற சாதி. நம்மூர் சீமைக்கருவேலம் மேலே செய்வதை இது கீழே செய்யும். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் காலின் வந்து எங்கள் கதவைத் தட்டினார். அதிகம் பேசாத மனிதர். கையில் ஒரு முளை. வேர் மண்ணோடு தொங்கியது.

“இது உங்களுடையது என்று நினைக்கிறேன்” என்று வாசல் படியில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய புல்தரையின் நடுவில் அது எட்டிப் பார்த்திருந்தது. அந்த வசந்தம் முழுக்க லூர்துவும் நானும் வேரைத் தோண்டி எடுத்தோம். ஆரஞ்சு நிற வேர். ஒரு துண்டு விட்டால் போதும், மறுபடி முளைக்கும் என்றார்கள். லூர்து மண்ணைச் சல்லடையில் மாவு சலிப்பது போலச் சலித்தாள்.

பாத்தி சுத்தமான அதே வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

3

இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை மார்புப் பரிசோதனை செய்வார்கள். லூர்து போய்விட்டு வந்து மறந்தே போயிருந்தாள். மறுபடி வரச் சொன்னார்கள். ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி, ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்ல ஒரு நாள் குறித்தார்கள்.

அந்த நாளுக்கு முந்தின நாள் எனக்குப் போன் வந்தது. மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை, ஒரு வாரம் தள்ளி வைக்கிறோம் என்றாள் ஒரு பெண்.

“எதற்கு மொழிபெயர்ப்பாளர்? என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியும்” என்றேன்.

“திருமதி பெர்னாண்டோவுக்குப் போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கம்ப்யூட்டரில் இருக்கிறது.”

பெர்னாண்டோ எங்கள் குடும்பப் பெயர். ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர், ஞானஸ்நானம் கொடுத்த கையோடு எங்கள் கடற்கரைக்குக் கொடுத்துவிட்டுப் போன பெயர். எந்தக் காலத்திலோ ஒரு குமாஸ்தா அந்தப் பெயரைப் பார்த்து, தாய்மொழி என்ற கட்டத்தில் போர்த்துக்கீசியம் என்று அடித்திருக்க வேண்டும். நாங்கள் இந்தியர்கள், தமிழ் பேசுகிறவர்கள், எங்களுக்கு யாரும் வேண்டாம் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “ஆனால் இங்கே அப்படித்தான் இருக்கிறது” என்றாள். எஞ்சின் கோளாறு என்றால் எந்த நாட்டு அதிகாரியிடமும் சண்டை போடத் தெரிந்த எனக்கு, அன்று சத்தம் போட வரவில்லை. சத்தம் போட்டால் முடிவு வேறு மாதிரி வந்துவிடுமோ என்று ஒரு மூடப் பயம்.

அனிதாவிடம் நாங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சாப்பிட்டாயா என்றால் “யா”. வேலை எப்படி என்றால் “ஃபைன்”. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போனது. போனை வைத்ததும் லூர்து, “பிள்ளைய எதுக்குக் கலங்கடிக்கணும்? தெரிஞ்ச பெறகு சொல்லிக்கிடலாம்” என்றாள்.

ஊரில் அவள் அக்கா ஞானத்துக்கு மட்டும் சொன்னாள். அக்கா அன்று சாயங்காலமே மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, வீடியோவில் கோபுரத்தைக் காட்டி, “ஏளா, நீ பயப்படாத. நான் சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள். மாதாவிடம் நேரில் பேசி முடித்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

4

தள்ளிப்போன அந்த வாரத்தில் ஒரு நாள் லூர்து, “பாத்தி சும்மா கெடக்கு. செடி பாக்கப் போவோமா?” என்றாள். வீட்டுக்குள் இருந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உடனே கிளம்பினேன்.

ஊருக்கு வெளியே ஹெலன் என்ற பெண் நடத்தும் நாற்றுப் பண்ணை. வருடா வருடம் விதை போட வேண்டியதில்லாத, குளிரில் மேல்பாகம் காய்ந்து, வசந்தத்தில் அதே வேரிலிருந்து திரும்ப எழுகிற செடிகள் அங்கே பிரசித்தம். என்ன வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. “நெட்டையாக இருக்க வேண்டும். ஆனால் டிசிப்ளின் வேண்டும்” என்றேன்.

ஹெலன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “ராணுவத்துக்கு ஆள் எடுப்பது போல இருக்கிறதே! வாருங்கள், வரிசையில் நிற்கிறார்கள், பார்க்கலாம்” என்று கூட்டிப்போனாள்.

சின்ன இடத்தில் நெட்டைச் செடி வைக்கிறவர்கள் மூன்று தொல்லைக்குப் பயப்பட வேண்டும் என்று அவள் சொன்னாள். வேரை ஓடவிடுவது ஒன்று. கண்ட இடத்திலெல்லாம் விதையைக் கொட்டுவது ஒன்று. தன் பாரத்தைத் தானே தாங்காமல் சாய்ந்து, பக்கத்துச் செடியையும் அமுக்குவது மற்றொன்று. லூர்து முதலில் மயங்கி நின்றது டெல்ஃபினியத்தின் முன்னால். அப்படி ஒரு நீலம். கடலில் ஆழம் மாறுகிற இடத்தில் தெரிகிற நீலம். ஆனால் குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும், காற்றடித்தால் முறியும் என்றாள் ஹெலன்.

“நம்ம வீட்டுக் காத்துக்கு இது நிக்காது” என்று லூர்து நகர்ந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு செடி முன்னாலும் ஒரே கேள்விதான் கேட்டாள். “இது பரவுமா?”

ஹெலன் சிலவற்றுக்கு ஆமாம் என்றாள், சிலவற்றுக்குக் கொஞ்சம் என்றாள். லூர்து விடவில்லை. வேர் எவ்வளவு தூரம் போகும், வெட்டி எடுத்தால் நிற்குமா, மிச்சம் இருந்தால் திரும்ப வருமா. ஹெலனுக்கு அவள் தோட்டத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான் தெரிந்திருக்கும். நான் அந்தப் பக்கம் போய்ப் பூச்சட்டிகளின் விலைச் சீட்டுகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஹெலன் ஒரு சின்னத் தொட்டியை எடுத்து லூர்துவின் கையில் கொடுத்தாள். ஒரு தண்டு, அதைச் சுற்றிக் குடைக்கம்பி போல அடுக்கடுக்காக இலைகள். “வெரோனிகாஸ்ட்ரம். இவனை நம்பலாம். வைத்த இடத்தில் நிற்பான். குச்சி வேண்டாம். ஆறடிக்கு மேல் போவான், ஆனால் அகலத்தில் ஆசைப்பட மாட்டான். ஒன்று மட்டும், அவசரப்படக் கூடாது. முழு உருவம் மூன்றாவது வருடம்தான் தெரியும்.”

“மூணாவது வருசமா?” என்று லூர்து தமிழில் கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நான் தலையாட்டினேன். அவள் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தாள். வாசலருகே ஒரு கோடைக்கு மட்டும் பூத்து முடிகிற செடிகளின் தட்டு இருந்தது. அதில் இரண்டு எடுத்துக்கொண்டு, “இந்த வருசமே பூக்குறத வைப்போம், என்ன?” என்றாள்.

திரும்பி வரும்போது எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை வலித்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

5

முடிவு நாளன்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் இன்னும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு கறுப்புக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி வந்து, சிரித்த முகத்தோடு எங்களிடம் கடகடவென்று ஏதோ பேசினாள். நாங்கள் விழித்தோம். அவள் மறுபடி மெதுவாகச் சொன்னாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டார்!

ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் பெயர் இசபெல். நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “அப்படியானால் எனக்காகவா உங்களை ஒரு வாரம் காக்க வைத்தார்கள்?” என்று வருத்தப்பட்டாள். நீங்கள் போகலாமே என்றேன். “எனக்கு ஒரு மணி நேரம் குறித்திருக்கிறார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் கூட உட்கார்ந்திருக்கிறேன்” என்றாள். லூர்து பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

டாக்டர் வரத் தாமதமானது. திடீரென்று லூர்து சுவரிலிருந்த ஜன்னலைக் காட்டி, “ஜன்னல்” என்றாள்.

இசபெல் திரும்பிப் பார்த்தாள். “ஜனேலா?” என்றாள் ஆச்சரியத்தோடு.

“மேசை.”

“மேசா!”

“சாவி.”

“ஷாவ்!”

அந்தக் கப்பல்காரர்கள் பெயரோடு சேர்த்து எங்களுக்கு விட்டுப்போன சொற்கள். லூர்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அலமாரி சொன்னாள். எங்கள் கடற்கரை வீடுகளில் சமையலறைக்குச் சொல்கிற குசினி சொன்னாள். கையில் கசக்கிக்கொண்டிருந்த கைக்குட்டையைத் தூக்கி, “லேஞ்சி” என்றாள். இசபெல் “லென்சு, லென்சு!” என்று கைதட்டினாள். அந்த வாரங்களில் லூர்து சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தச் சிரிப்போடு இருக்கும்போதே டாக்டர் உள்ளே வந்தார்.

இளம்வயதுக்காரர். உட்கார்ந்ததும் நேராகச் சொல்லிவிட்டார். ஆனால் என்னுடைய ஆங்கிலம் எஞ்சின் அறையில் கற்ற ஆங்கிலம். பம்பு, வால்வு, அழுத்தம் எல்லாம் தெரியும். அவர் சொன்ன அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. லூர்துவும் அசையாமல் இருந்தாள். அப்போது இசபெல், பழக்க தோஷத்தில், தான் இங்கே தேவையில்லை என்பதையே மறந்து, அந்தச் சொல்லை லூர்துவிடம் போர்த்துக்கீசியத்தில் திருப்பிச் சொன்னாள். அதுவும் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்து, இரண்டு கையாலும் லூர்துவின் கையைப் பிடித்துவிட்டாள். எனக்கு அந்த முகம் புரிந்தது.

லூர்து டாக்டரைப் பார்த்து, “அப்போ, பரவாதா?” என்றாள். சுத்தமான தூத்துக்குடித் தமிழில். அவர் புருவத்தை உயர்த்தவும் சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

“பரவாது. அது புற்றுநோய் இல்லை. எடுக்கக்கூடத் தேவையில்லை” என்றார்.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் லூர்து நின்றுவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். “என்ன முழிக்கீய? வண்டிய எடுங்க. அந்த அம்மா கடையச் சாத்திரப் போறா” என்றாள். எந்த அம்மா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள், “மூணு வாங்கணும். ஒண்ணு வச்சா நல்லாவா இருக்கும்?” என்று கதவைத் திறந்துவிட்டாள்.

ஹெலனிடம் வெரோனிகாஸ்ட்ரம் மூன்று வாங்கினோம். கூடவே தாலிக்ட்ரம் இரண்டு. அதுவும் நெட்டைதான்; ஆனால் பின்னால் நிற்கிற செடி அதன் ஊடாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய உடம்பு, மேலே ஊதாப் புகை மாதிரி பூ. நடுவில் வைக்க நேராக நிற்கிற ஒரு புல் வகை. எல்லாம் அப்போது என் முழங்காலுக்குக்கூட வராது. காரின் பின் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு வைத்தாள்.

6

அனிதாவிடம் அன்று மாலை சொன்னோம். நல்ல செய்திதானே என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன்.

“பெரியம்மாக்குத் தெரியுமா?” என்று அனிதா கேட்டாள். தமிழில்.

“தெரியும்” என்றாள் லூர்து.

அனிதா போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை முதல் ரயிலில் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“பெரியம்மா அங்க இருக்கு. நான் இங்க இருக்கேன். என்கிட்ட சொல்லல. நான் இங்கிலீஷ்ல பேசுறேன்னு, நான் உங்க ஆள் இல்லன்னு நெனச்சிட்டீங்களா?”

இவ்வளவு நீளத்துக்கு அவள் தமிழ் பேசிக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

“அப்படி இல்லம்மா. நீ ஒத்தப் பிள்ள. அங்கன தனியா இருக்க. பயந்து போயிருவியேன்னுதான்” என்றாள் லூர்து.

“பயந்தா என்ன? எல்லாரும் சேர்ந்து பயந்திருக்கலாம்ல!”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அப்போதுதான் லூர்துவும் அழுதாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை. நான் இரண்டு பேருக்கும் தேநீர் போடப் போனேன். தேநீர் முக்கியமில்லை, நானும் கொஞ்ச நேரம் குசினிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

பிறகு மூவரும் தோட்டத்துக்குப் போனோம். அனிதா என் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு குழி தோண்டினாள். எதற்கு இவ்வளவு இடைவெளி, பாத்தி வழுக்கைத் தலை மாதிரி இருக்கிறதே என்றாள். அவை நிரம்ப மூன்று வருடம் ஆகும் என்று லூர்து சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. காலின் தம் பக்கத்திலிருந்து வேலிக்கு மேலே தலையை நீட்டி, “இவை ஓடுமா?” என்று விசாரித்தார். “ஓடாது, டிசிப்ளின்” என்றேன். அவர் திருப்தியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தாலிக்ட்ரம் ஒன்று அந்த வருடக் குளிர்காலத்தில் செத்துப்போனது. அதற்குப் பதில் வேறொன்று வைத்தோம். மற்றதெல்லாம் சேவியர் படத்தில் பார்த்ததுதான்.

அன்று நட்டு முடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தோம். லூர்து கை கழுவப் போனவள் வழியில் சோபாவில் சாய்ந்தாள். கால் விரலிடுக்கில் மண் அப்படியே இருந்தது. அனிதாவும் நானும் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. அந்த வாரங்களில் நான் எப்போது கண் விழித்தாலும் பக்கத்தில் அவளும் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். இப்போது டீசல் எஞ்சின் மாதிரி ஒரே சீராக ஓடியது.

அனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து லூர்துவின் போன் மணி அடித்தது. அனிதா பாய்ந்து எடுத்தாள். வீடியோவில் ஞானம் அக்கா. பின்னால் அவள் வீட்டு மாடி. அங்கே பொழுது சாயும் நேரம்.

“ஏளா அனிதா, எப்ப வந்த? உங்கம்மை எங்க? அது என்ன சத்தம், மோட்டர் ஓடுதா?”

அனிதா விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். போனைத் திருப்பி, சோபாவில் வாயைத் திறந்து தூங்குகிற அம்மாவைக் காட்டினாள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தூங்கட்டும். எழுப்பிராதீய” என்றாள் ரகசியக் குரலில். “போனையும் வைக்காத பிள்ள. அப்படியே இருக்கட்டும்.”

அனிதா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்கா அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் லூர்துவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.